எண் எங்கிருந்து வந்தது? ஓர் அரசு சுற்றுச்சூழல் அதிகாரியின் பல்கலைக்கழக ஃபெலோஷிப்: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் அதிகாரியின் பெயர், துறை, நாடு எதுவும் இங்கே இல்லை. எழுதியதை அவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே இதைப் பகிர்கிறேன். அவரை வரவேற்ற துறையில் நான் ஆசிரியர். அவர் எங்களோடு இருந்த 10 மாதங்களும் அவருக்குப் பொறுப்பாளராக இருந்தேன். அதனால் கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

## பின்னணி

அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஆட்கள் போய்வருவது புதிய ஏற்பாடு அல்ல. அமெரிக்காவில் 1970இல் வந்த ஒரு சட்டத்தின்படி, மத்திய அரசு ஊழியர்கள் தங்கள் பணியை விடாமலே பல்கலைக்கழகத்துக்குப் போய் 2 ஆண்டு வரை வேலை செய்யலாம், தேவைப்பட்டால் அதை நீட்டிக்கவும் செய்யலாம். 1973இல் தொடங்கிய ஏஏஏஎஸ் (அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம்) ஃபெலோஷிப் எதிர்த்திசையில் இயங்குகிறது. அது விஞ்ஞானிகளை அரசுக்குள் அனுப்புகிறது. 1978இல் ஆரம்பித்த ஹம்ஃப்ரி ஃபெலோஷிப் பல நாடுகளிலிருந்து பணி அனுபவம் உள்ளவர்களை அழைத்து, பட்டம் எதுவும் தராமல், ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு பல்கலைக்கழகத்தில் இருக்கவைக்கிறது.

எங்கள் திட்டம் இந்த மூன்றாவது வகை. அளவில் மிகச் சிறியது, ஒரு நேரத்தில் ஒருவர்தான். சுற்றுச்சூழல் ஒழுங்குமுறையில் குறைந்தது 15 ஆண்டு அரசுப் பணி செய்திருக்க வேண்டும். பரீட்சை கிடையாது, பட்டமும் கிடையாது. சம்பளத்தை அவருடைய துறையே தொடர்ந்து கொடுக்க வேண்டும். தங்குமிடம், நூலகம், பயணச் செலவு எங்கள் பொறுப்பு. சம்பளத்தை நாங்கள் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகத்தின் நிதியில் ஒரு பங்கு தொழில் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. அந்த நிறுவனங்களைக் கண்காணிக்கும் அதிகாரி அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கினால், பிறகு அவர் போடும் எந்தக் கையெழுத்தும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

## தேர்வு

அவருடைய விண்ணப்பம் தேர்வுக் குழுவில் கிட்டத்தட்ட ஒதுக்கப்பட்டுவிட்டது. 9 பக்கங்களில் 7 பக்கம் துறையின் ஆண்டறிக்கையைப் போலவே இருந்தது: எத்தனை ஆலைகளை ஆய்வு செய்தோம், எத்தனை அறிவிப்புகள் அனுப்பினோம் என்று. ஆய்வுக் கேள்வி எங்கே என்று குழுவில் இருவர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. ஆனால் 22 ஆண்டுகள் கோப்பு எழுதிய ஒருவர் கோப்பு நடையில்தான் எழுதுவார். அந்த நடையைக் குறை சொல்லி நிராகரித்தால், நாம் தேடும் ஆட்கள் யாருமே உள்ளே வர மாட்டார்கள்.

நேர்காணலில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எங்கள் முடிவை மாற்றியது. ஆலைக் கழிவுநீருக்கான அனுமதி ஆணைகளில் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் 30ஐத் தாண்டக் கூடாது என்று பல நூறு முறை எழுதியிருக்கிறார். "அந்த 20 எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் ஓர் ஆலை மேலாளர் கேட்டார். சட்டத்தில் இருக்கிறது என்று சொன்னேன். சட்டத்துக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. தேடிப் பார்க்க ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை." இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை. அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

## முதல் 2 மாதங்கள்

வந்ததும் அவருடைய நாட்காட்டியை நாங்கள் நிரப்பிவிட்டோம். துறைக்குத் துறை அழைப்பு வந்தது. 8 வாரங்களில் 11 விருந்தினர் உரைகள். சட்டத்தின் பிரிவுகளையும் அனுமதி நடைமுறையின் படிகளையும் படங்களாகக் காட்டி விளக்கினார். மாணவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், கேள்வி வரவில்லை. அவர் சொன்னவை எல்லாம் அச்சில் ஏற்கெனவே கிடைக்கும். அச்சில் கிடைக்காத எதையும் அவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை.

இன்னொரு பக்கம் அவருடைய தொலைபேசி ஓயவில்லை. துறை அவரை அனுப்பியதே தவிர, அவருடைய பொறுப்புகளை வேறு யாரிடமும் எழுத்தில் ஒப்படைக்கவில்லை. அவசரக் கோப்புகள் மின்னஞ்சலில் வந்துகொண்டே இருந்தன. காலையில் எங்கள் நூலகம், மாலையில் தன் பழைய வேலை என்று இரண்டு பணி பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது வாரம் அவரே என் அறைக்கு வந்து, திரும்பிப் போய்விடுவதே மேல் என்று தோன்றுகிறது என்றார். அதற்கு முன்பே நான் கவனித்திருக்க வேண்டும்.

அன்று இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, பல்கலைக்கழகத்திலிருந்து அவருடைய துறைத் தலைவருக்கு முறையான கடிதம்: முழுப் பொறுப்பையும் வேறோர் அதிகாரியிடம் எழுத்தில் ஒப்படைக்காவிட்டால் ஃபெலோஷிப் தொடராது. கொஞ்சம் கடுமையான கடிதம்தான். ஆனால் மென்மையாக எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதிலே வந்திருக்கவில்லை. மூன்று வாரத்தில் பொறுப்பு மாறியது. இரண்டாவது, உரைகள் அத்தனையும் ரத்து.

## கோப்பு மேசை

உரைகளின் இடத்தில் வாரம் ஒருமுறை 2 மணி நேரம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார ஆரம்பித்தோம். அவர், 6 மாணவர்கள், நான். நடுவில் ஒரே ஓர் அனுமதி ஆணையும் அதன் கண்காணிப்பு அறிக்கைகளும். பொதுமக்கள் யாரும் கேட்டுப் பெறக்கூடிய ஆவணங்களை மட்டுமே எடுத்தோம், ஆலையின் பெயரை மறைத்துவிட்டு. விதி ஒன்றுதான்: அவர் விளக்கம் சொல்லக் கூடாது, மாணவர்கள் கேட்க வேண்டும்.

இந்த மேசையில் நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மூன்றாவது வாரம். ஒரு மாணவி, ஓர் ஆலையில் 4 ஆண்டுகளாக மாதிரி எடுத்த தேதிகளை வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தார். எல்லாத் தேதிகளும் புதன், வியாழன், வெள்ளியில் விழுந்திருந்தன. திங்களும் செவ்வாயும் ஒன்றுகூட இல்லை. ஏதோ தற்செயல் என்று நான் நினைத்தேன். அதிகாரி சற்று நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதியதில்லை."

காரணம் பிஓடி சோதனையின் தன்மையிலேயே இருக்கிறது. தண்ணீரில் உள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்பதைத்தான் பிஓடி அளக்கிறது. மாதிரியை 20 டிகிரி செல்சியஸில், இருட்டில், 5 நாள் வைத்திருந்து, முதலிலும் கடைசியிலும் ஆக்சிஜனை அளக்க வேண்டும். திங்களன்று வைத்தால் சனியன்று அளக்க வேண்டும், செவ்வாயன்று வைத்தால் ஞாயிறு. அந்த இரண்டு நாளும் ஆய்வகத்துக்கு விடுமுறை. புதன் வைத்தால் திங்கள், வியாழன் வைத்தால் செவ்வாய், வெள்ளி வைத்தால் புதன், எல்லாமே வேலைநாள். மாதிரியை எடுத்துவந்து நாள்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது, குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் கழிவு சிதையத் தொடங்கிவிடும். ஆகவே வாரத்தின் முதல் இரண்டு நாட்களில் மாதிரி எடுப்பதே வழக்கத்திலிருந்து போய்விட்டது.

அந்த வழக்கம் ஆய்வாளருக்கு மட்டும் தெரிந்ததல்ல, ஆலைக்கும் தெரியும். வார இறுதியில் தேங்கிய கழிவை எந்த நாளில் திறந்துவிடலாம் என்பதற்கு அதுவே ஒரு கால அட்டவணை ஆகிவிடுகிறது. எந்த ஆலையும் அப்படிச் செய்தது என்று அவர் சொல்லவில்லை. அதற்கான சான்று அந்தத் தேதிகளில் இல்லை, இருக்கவும் முடியாது. அளக்காத நாளைப் பற்றி அளவீடு எதுவும் சொல்லாது.

அனுபவமுள்ள அதிகாரியைப் பல்கலைக்கழகத்துக்கு எதற்காக அழைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த 2 மணி நேரத்தைத்தான் சொல்வேன். தேதிகளில் ஒரு வடிவம் இருப்பதைக் கண்டது மாணவி. அது ஏன் என்று சொல்ல முடிந்தது அதிகாரிக்கு. தனித்தனியாக இருந்திருந்தால் இருவருமே பாதி வழியில் நின்றிருப்பார்கள்.

## 20இன் வரலாறு

கோப்பு மேசை ஒருபுறம் நடக்க, மற்ற நாட்களில் தன் சொந்தக் கேள்வியைத் தேடி அவர் நூலகத்தில் இருந்தார். எங்கள் நூலகர் காட்டிய பொறுமையை இங்கே குறிப்பிடாமல் விடக் கூடாது.

20உம் 30உம் பிரிட்டனிலிருந்து வந்தவை. சாக்கடைக் கழிவை அகற்றுவது பற்றி ஆராய 1898இல் அங்கே ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். அந்த ஆணையத்தின் எட்டாவது அறிக்கை 1912இல் வந்தது. பிஓடி 20, கரையாத திடப்பொருள் 30 என்ற பரிந்துரை அதில்தான் இருக்கிறது. 5 நாள் சோதனையும் அங்கிருந்து பரவியதுதான். அந்நாட்டு ஆறுகளின் நீர் கடலை அடைய 5 நாளுக்கு மேல் ஆகாது என்பதைப் பாடநூல்கள் காரணமாகச் சொல்கின்றன.

ஆனால் அவரை நிறுத்தியது அந்தப் பரிந்துரையோடு சேர்ந்திருந்த நிபந்தனை. ஒரு பங்கு கழிவுநீர் ஆற்றில் கலக்கும்போது, அதைக் கரைக்கக் குறைந்தது 8 பங்கு ஆற்றுநீர் இருக்க வேண்டும். நீர் அதைவிடக் குறைவாக இருந்தால் வரம்பு இன்னும் கடுமையாக வேண்டும், மிக அதிகமாக இருந்தால் தளர்த்தலாம். கணக்கு ஒரு தாளில் அடங்கிவிடும். ஓரளவு சுத்தமான ஆற்றில் பிஓடி 2 என்று வையுங்கள். 8 பங்குக்கு 16. கழிவுநீர் ஒரு பங்குக்கு 20. கூட்டினால் 36, 9 பங்கால் வகுத்தால் 4. பிஓடி 4ஐத் தாண்டினால் ஆறு கெடத் தொடங்கும் என்பது ஆணையத்தின் முடிவு. 20 என்ற எண் அந்த 4இலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது அந்த 8 பங்கு நீர்.

பிறகு பல நாடுகள் 20:30ஐ எடுத்துக்கொண்டன. எண் பயணப்பட்டது, நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அவருடைய நாட்டின் விதியிலும் 8 பங்கு பற்றி ஒரு சொல் இல்லை. அவர் அனுமதி எழுதிய ஆறுகளில் இரண்டு, ஆண்டில் சில மாதம் ஏறக்குறைய வற்றிவிடும். ஆற்றுநீரும் கழிவுநீரும் சரிபாதி என்றாலே கலவையின் பிஓடி 11. ஆறு முழுக்க வற்றினால் ஓடுவது வெறும் கழிவுநீர், 20. ஆலை விதியை ஒரு புள்ளிகூட மீறாமலே ஆறு செத்துப்போகலாம். இந்தக் கணக்கை என் அறைப் பலகையில் எழுதிவிட்டு அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் கையெழுத்திட்ட ஆணைகளை நினைத்திருப்பார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்றும் பார்த்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991 நகர்ப்புறக் கழிவுநீர் நெறிமுறையில் பிஓடி வரம்பு 25. அமெரிக்காவில் நகராட்சிக் கழிவுநீருக்கு 30 நாள் சராசரி 30. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டுமே 20ஐவிடத் தளர்வு. ஆனால் அமெரிக்காவின் 1972 தூய நீர்ச் சட்டத்தில் இரண்டாவது படி ஒன்று உண்டு: அந்த வரம்புக்கு உட்பட்ட பிறகும் ஆற்றின் தரம் கெடும் என்றால், அந்த ஆற்றுக்கென்று கடுமையான வரம்பு வைக்க வேண்டும். அதற்கான கணக்கில் பல இடங்களில் எடுத்துக்கொள்வது, சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மிகக் குறைந்த 7 நாள் நீரோட்டத்தை. அதாவது நீர் குறைந்த நாளை மனதில் வைத்துத்தான் வரம்பு எழுதுகிறார்கள்.

## வெளியிடுவதா?

ஏழாவது மாதம் கட்டுரை தயாரானது. அதில் இரண்டு பகுதிகள்: 20இன் வரலாறும் நீர்த்தல் கணக்கும் ஒன்று, மாதிரி நாட்கள் பற்றியது இன்னொன்று. வெளியிட அவருடைய துறையின் அனுமதி தேவை. ஃபெலோஷிப் தொடங்கும்போதே இதைப் பேசி முடித்திருக்க வேண்டும், பேசவில்லை. துறை 6 வாரம் எடுத்துக்கொண்டு பதில் சொன்னது: முதல் பகுதிக்கு ஆட்சேபம் இல்லை, இரண்டாவதை நீக்க வேண்டும்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. அவர் பெயரை எடுத்துவிட்டு மாணவியின் பெயரில் மட்டும் வெளியிடலாம், ஆவணங்கள் பொதுவானவைதானே என்று ஓர் ஆசிரியர் வாதிட்டார். அல்லது முழுவதையும் நிறுத்திவைக்கலாம். அல்லது இரண்டாகப் பிரித்து, வரலாற்றை ஆய்விதழுக்கும் மாதிரி நாள் விவரத்தைத் துறைக்கு உள்குறிப்பாகவும் கொடுக்கலாம்.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வழியில் அவருடைய நம்பிக்கையை உடைத்திருப்போம். பெயர் இல்லாவிட்டாலும் யாரிடமிருந்து வந்தது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அதோடு, மாதிரி அட்டவணையை மாற்றும் அதிகாரம் துறையிடம்தான் இருக்கிறது. பத்திரிகையில் வந்த குற்றச்சாட்டுக்கு மறுப்பு எழுதுவார்கள். உள்ளிருந்து வந்த குறிப்பை யாராவது ஒருவர் எடுத்துப் பார்க்க வாய்ப்பு உண்டு.

இந்த முடிவில் எனக்கு இன்றும் முழு நிம்மதி இல்லை. அந்த ஆறுகளின் கரையில் இருப்பவர்களுக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. மாணவிக்கும் தன் கண்டுபிடிப்பைத் தன் பெயரில் அச்சில் பார்க்கும் உரிமை இருந்தது. மாணவி ஒத்துக்கொண்டார், ஆனால் மகிழ்ச்சியோடு அல்ல.

கடைசி மாதத்தில் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் அதிகாரிக்கு வேலை தருவதாகச் சொன்னது. அவர் உடனே என்னிடம் எழுத்தில் தெரிவித்தார், மறுத்தும்விட்டார். இப்படி ஒன்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களிடம் விதியே இல்லை. அவருடைய நேர்மைதான் அன்று விதியாக இருந்தது. எல்லோரிடமும் அதை எதிர்பார்த்துத் திட்டம் நடத்த முடியாது.

## திரும்பிய பிறகு

10 மாதம் முடிந்து போன அவரைத் துறை வேறு பிரிவில் உட்காரவைத்தது. கழிவுநீருக்கும் அந்தப் பிரிவுக்கும் சம்பந்தமே இல்லை. இது தண்டனையா, வழக்கமான இடமாற்றமா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எப்படியோ, உள்குறிப்பு ஓர் அலமாரிக்குப் போனது. வரலாற்றுக் கட்டுரை வெளியானது, சில ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்துகிறார்கள்.

எட்டு மாதம் கழித்து, அவர் இருந்த பழைய இடத்துக்கு வந்த புதிய அதிகாரி அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஆய்வகத்தில் சனி, ஞாயிறுகளில் அளவெடுக்க ஒருவர் சுழற்சி முறையில் வரத் தொடங்கினார், திங்கள், செவ்வாய் மாதிரிகள் சாத்தியமாயின. ஓர் ஆற்றுக்கு மட்டும், புதிதாகக் கொடுக்கும் அனுமதிகளில், நீரோட்டம் குறையும் மாதங்களுக்குத் தனி வரம்பு சேர்த்தார்கள். ஏற்கெனவே கொடுத்த அனுமதிகள் புதுப்பிக்கும் நாள் வரை பழைய 20இலேயே இருக்கின்றன. ஆற்றின் தரம் மாறியதா என்று சொல்ல இன்னும் காலம் போதாது.

மாணவி இப்போது வேறோர் ஒழுங்குமுறை அமைப்பில் பணிக்குச் சேர்ந்திருக்கிறார். அவர் செய்த முதல் வேலை, தங்கள் மாதிரித் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்ததுதான் என்று எழுதியிருந்தார்.

## மாற்றியவை

இப்போது விண்ணப்பத்தில் ஆய்வுத் திட்டம் கேட்பதில்லை. "பணியில் பலமுறை செய்தும் காரணம் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறோம். வரும் விண்ணப்பங்கள் வேறு மாதிரி இருக்கின்றன.

முதல் 8 வாரங்களுக்கு உரை எதுவும் கிடையாது. பொறுப்பு ஒப்படைத்த கடிதம் கைக்கு வராமல் தொடங்கும் நாளைக் குறிப்பதில்லை. எதை வெளியிடலாம், எதற்கு அனுமதி வேண்டும், துறை எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும், பதில் வராவிட்டால் என்ன என்பதெல்லாம் முதலிலேயே கையெழுத்தாகிறது. உள்குறிப்பாகக் கொடுப்பதையும் 2 ஆண்டுக்குப் பிறகு மாணவர்கள் வெளியிடலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அந்த மாணவியை நினைத்துச் சேர்த்தது அது. வேலை அழைப்பு வந்தால் 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், அந்த நிறுவனம் சம்பந்தப்பட்ட கோப்புகளிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

இவை எங்கள் கையில் இருந்தவை. கையில் இல்லாதது ஒன்று: திரும்பிப் போகும் அதிகாரியைக் குறைந்தது ஓராண்டாவது அதே பிரிவில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அதை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்டோம். பணியிட மாற்றம் தங்கள் உரிமை என்று இரண்டு துறைகள் மறுத்துவிட்டன. மூன்றாவது துறை 6 மாதத்துக்கு ஒத்துக்கொண்டது. அந்தத் துறையிலிருந்து வந்த அதிகாரி இப்போது கோப்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். சத்த அளவீடுகள் ஏன் எப்போதும் பகல் 11 மணிக்கே எடுக்கப்பட்டிருக்கின்றன என்று போன வாரம் ஒரு மாணவர் கேட்டார். பதிலுக்கு அவர் தன் பழைய ஆய்வகத்தை அழைத்திருக்கிறார்.